ஹார்ட் டிஸ்க் முதல் எஸ்எஸ்டி வரை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் ஊரிலுள்ள பழுதான பென் டிரைவ் எல்லாம் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். சித்தப்பா, விடுதித் தோழர்கள், முதலாண்டு மாணவர்கள், தெருமுனை ஸ்டுடியோக்காரர் என்று கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களோடு தொகுத்துவிட்டேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. ராம் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 256 ஜிபி என்கிறார்கள். இரண்டும் நினைவகம்தானே, எதற்கு இரண்டு?

ராம், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். அதில் ஒவ்வொரு பிட்டும் (ஒரு 0 அல்லது 1) மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் ஓயாமல் கசிவதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் இந்த வேலையும் நின்று, உள்ளே இருந்தது போய்விடும். சேமிப்பகம் மின்சாரம் இல்லாமலும் வைத்திருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேமிப்பகத்திலேயே நடத்தலாமே என்றால், வேகம் இடம் கொடுக்காது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகிறது. சுழலும் தகடு இல்லாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதைப்போலப் பல நூறு மடங்கு நேரம் வேண்டும். ஹார்ட் டிஸ்குக்கு 10 மில்லிவினாடி, அதாவது ராமைப்போல ஒரு லட்சம் மடங்கு. ஃபோன் விளம்பரத்தில் '8 + 128' என்று போடுவதும் இதேதான்: 8 ராம், 128 சேமிப்பகம். கூட்டி 136 என்று சொல்லும் விற்பனையாளர்களையும் பார்த்திருக்கிறேன்.

2. தம்பி, 1 டிபி என்று எழுதியிருந்ததைத்தான் வாங்கினேன். கணினியில் போட்டால் 931 ஜிபி காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி என்று ஏறிக்கொண்டே போகிறது. ஒரு லட்சம் கோடியை 1024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். பைட் ஒன்றுகூடக் குறையவில்லை; அளவுகோல்தான் வேறு. ஆப்பிள் தன் கணினிகளில் 2009 முதல் தயாரிப்பாளர் கணக்கையே எடுத்துக்கொண்டதால் அதே டிஸ்க் அங்கே 1 டிபி என்றே தெரியும்.

இதில் வேடிக்கை, கணினியில் செருகி எடுக்கும் பழைய காந்தத் தகடான 1.44 எம்பி ஃபிளாப்பி. அதன் கொள்ளளவு 14,74,560 பைட். 1000 கணக்கில் 1.47, 1024 கணக்கில் 1.41. 1440ஐ 1024ஆல் பெருக்கி, வந்ததைப் பத்து லட்சத்தால் வகுக்காமல் 1000 × 1024ஆல் வகுத்ததால்தான் 1.44 வந்தது. இரண்டு அளவுகோலையும் ஒரே எண்ணில் கலந்தவர் யாரோ, நன்றாகவே இருக்கட்டும்.

3. சி டிரைவ் இருக்கிறது, டி டிரைவ் இருக்கிறது. ஏ, பி எங்கே போயின?

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒன்றோ இரண்டோ ஃபிளாப்பி டிரைவ் இருக்கும். அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். 1983இல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு வந்தபோது அது சி ஆனது. ஃபிளாப்பி போய்ச் சேர்ந்த பிறகும் அந்த இரண்டு எழுத்துகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்தது என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. ஐபிஎம் 1971இல் கொண்டுவந்த 8 அங்குல ஃபிளாப்பியை அமெரிக்க அணு ஆயுதக் கட்டளை அமைப்பு 2019 வரை பயன்படுத்தியது. ஜப்பானில் அரசுக்குச் சில விண்ணப்பங்களை ஃபிளாப்பியிலோ சிடியிலோதான் தர வேண்டும் என்ற விதிகளை நீக்கி முடித்தது 2024இல்.

4. ஹார்ட் டிஸ்க் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தகடுகள் சுழல்கின்றன. தகட்டின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. அதிலுள்ள நுண்துகள் கூட்டங்கள் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கின்றன என்பதைக் கொண்டு 0, 1 குறிக்கப்படுகிறது. எழுதிப் படிக்கும் முனை தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சி கிளப்பும் காற்றில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசு அந்த இடைவெளியில் புகுந்தால் முனை தகட்டைக் கீறிவிடும். ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் உருவாக்கிய ராமாக் கணினியின் பகுதி. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய ஃபோனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காமல் போகலாம். அது இன்று உள்ளங்கைக்குள் அடங்கியதற்குப் பின்னால் பல கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது, மிகச் சிறிய காந்தப் புலத்தையும் உணரவைக்கும் பெருங்காந்தத்தடை விளைவு. அதற்காக ஆல்பெர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடிப்படை மட்டும் மாறவில்லை: முனை இடம் பெயர வேண்டும், தகடு சுற்றி வர வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், முனை நகரும் நேரம் தனி. எப்படிப் பார்த்தாலும் வினாடிக்கு நூறு இடங்களுக்கு மேல் தாவிப் படிப்பது கடினம். ஒரே பெரிய திரைப்படக் கோப்பை வேகமாக நகலெடுக்கும் டிஸ்க், ஆயிரம் சிறு கோப்புகளுக்கு மூச்சுத் திணறுவது இதனால்தான்.

5. மின்வெட்டு வந்தால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்கிறார்களே?

மின்சாரம் நின்ற மறுகணம், சுழலும் தகட்டில் மிச்சமிருக்கும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து முனையைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்படிதான் இன்றைய டிஸ்குகளை வடிவமைக்கிறார்கள். ஆகவே வெட்டு அவ்வளவு கெடுதல் அல்ல. பாதி எழுதிய கோப்பு பாழாகலாம், அது வேறு. அதைவிடக் கெடுதல், மின்சாரம் திரும்பி வரும்போது எகிறும் மின்னழுத்தம். இரண்டையும்விடக் கெடுதல், ஓடிக்கொண்டிருக்கும் வெளிப்புற டிஸ்கை மேசையிலிருந்து தட்டிவிடுவது.

6. கல்யாண டிவிடி பத்திரமாகத்தான் வைத்திருந்தோம், ஒரு கீறல் இல்லை. இப்போது ஓட மறுக்கிறது. ஏன்?

கடையில் விற்ற திரைப்பட டிவிடியும் ஸ்டுடியோவில் எழுதிக்கொடுத்த டிவிடியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. முதலாவது தொழிற்சாலையில் அச்சில் அழுத்தியது; தகவல் பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். இரண்டாவதில் ஒரு கரிமச் சாயப் பூச்சு இருக்கிறது. டிரைவின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மங்கும். நம் ஊர் வெயிலும் கடலோரக் காற்றும் அதற்கு நல்லவை அல்ல. மலிவு டிஸ்கில் அதிக வேகத்தில் எழுதியிருந்தால் ஆயுள் இன்னும் குறைவு.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சிடியில் பளபளப்பான அடிப்பக்கக் கீறலைவிடப் பெயர் எழுதும் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. தகவல் அடுக்கு மேல்பக்க வார்னிஷுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போதும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஓடாத டிவிடியை வேறு இரண்டு மூன்று டிரைவ்களில் போட்டுப் பாருங்கள். லேசர் தேய்ந்த டிரைவ் மறுப்பதை நல்ல டிரைவ் படித்துவிடுவதுண்டு. படித்துவிட்டால் முழுவதையும் கணினிக்கு நகலெடுத்துவிட்டுத்தான் படம் பார்க்க வேண்டும். ஒளித்தகடுகளின் காலமே முடிந்துவருகிறது. உலகின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்து, நம் ஊர்க் கடைகளில் தமிழ்ப் படங்களை மலிவு விலைக்குக் குவித்த மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. லேப்டாப்பில் டிவிடி டிரைவும் இப்போது வருவதில்லை.

7. பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் ஒன்றுதானா?

மூன்றிலும் தகவலைத் தாங்குவது நேண்ட் ஃபிளாஷ் என்ற ஒரே வகைச் சில்லுதான். ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா இதன் தந்தை. ஃபிளாஷ் நினைவகத்தை 1984இலும் அதன் நேண்ட் வகையை 1987இலும் அவரது குழு வெளியிட்டது. காப்புப் பொருளால் முழுவதும் சூழப்பட்ட ஒரு சிறு அறைக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைப்பதுதான் எழுதுவது. மின்சாரம் நின்றாலும் அவை உள்ளேயே கிடக்கும். எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அளப்பதுதான் படிப்பது. அசையும் பாகம் எதுவும் இல்லை.

விலையும் தரமும் பிரிவது இரண்டு இடங்களில். ஒன்று, செல் எனப்படும் அந்தச் சிறு அறை ஒன்றில் எத்தனை பிட் திணிக்கிறார்கள் என்பது. ஒரு பிட் என்றால் இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும்; டிஎல்சி எனப்படும் மூன்று பிட்டுக்கு 8 நிலைகள், கியூஎல்சி எனப்படும் நான்கு பிட்டுக்கு 16. திணிக்கத் திணிக்க மலிவு, ஆனால் மெதுவாகும், சீக்கிரம் தேயும். மற்றொன்று, சில்லை நிர்வகிக்கும் கன்ட்ரோலர். எஸ்எஸ்டியில் தேய்மானத்தை எல்லாச் செல்களுக்கும் பங்கிட்டு, பிழைகளைத் திருத்தி, கெட்ட பகுதிகளை ஒதுக்கிவைக்கும் திறமையான கன்ட்ரோலர் இருக்கும். பென் டிரைவில் அந்த வேலையைப் பெயரளவுக்குச் செய்யும் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். பென் டிரைவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகப் பயன்படுத்துங்கள். வைத்துப் பாதுகாக்க அல்ல.

8. எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே? நம்பி வாங்கலாமா?

தேயும் என்பது உண்மை. எலக்ட்ரான்கள் போய் வரும்போதெல்லாம் காப்பு அடுக்கு சிறிது சேதமாகிறது. ஆனால் எவ்வளவு எழுதினால் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படலாம். நல்ல நிறுவனங்களின் 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.3 டிபி. 600 டிபி தீர எண்பது ஆண்டுக்கு மேல் ஆகும். படிப்பதால் இந்தக் கணக்கு நகர்வதில்லை.

எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. கன்ட்ரோலரோ அதன் உள்மென்பொருளோ ஒரு நாள் நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு முன்னறிவிப்புக் கொடுப்பதுண்டு. எஸ்எஸ்டி சொல்லாமல் போகும்.

9. அண்ணா, என் பழைய லேப்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. எஸ்எஸ்டி போட்டால் போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

முதலில் எஸ்எஸ்டி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்புகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மூச்சை அடைப்பது செயலி அல்ல, ஹார்ட் டிஸ்க். நான்காம் கேள்வியில் சொன்ன 'வினாடிக்கு நூறு தாவல்' சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் பல்லாயிரம் ஆகிறது. அதே 2.5 அங்குல அளவில் கிடைப்பதால் பழையதைக் கழற்றி அதே இடத்தில் மாட்டிவிடலாம். ராம் 4 ஜிபி இருந்தால் அதையும் 8 ஆக்குங்கள்.

சாட்டா, என்விஎம்இ இரண்டும் எஸ்எஸ்டி கணினியோடு பேசும் வழிகள், முதலாவது பழையது. சாட்டா வினாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500, அதன் அடுத்த தலைமுறை 7000 என்று கடையில் சொல்வார்கள். பெரிய வீடியோக்களைக் கையாள்பவருக்கு அது பொருட்டு. கடிதம் தட்டச்சு செய்து, இணையம் பார்ப்பவருக்கு ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல். அதற்கு மேல் வேறுபாடு தெரிவது அரிது. ஒரு எச்சரிக்கை: சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

10. இணையத்தில் 2 டிபி பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே 8 அல்லது 16 ஜிபி சில்லு இருக்கும். கன்ட்ரோலரிடம் '2 டிபி என்று சொல்' எனக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். கணினி அதை அப்படியே நம்பி 2 டிபி என்று காட்டும். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும், புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாகச் சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிடும். கோப்புகளின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இராது.

ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். நல்ல கடையில் வாங்கிய மெமரி கார்டையும் முதல் நாளே இப்படிச் சோதிப்பது நல்ல பழக்கம். படப்பிடிப்புக்குப் போகும் ஸ்டுடியோக்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டும்.

11. படங்களை எல்லாம் ஒரு எஸ்எஸ்டியில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டால்?

எஸ்எஸ்டிக்குப் பீரோ ஒத்துக்கொள்ளாது. ஏழாம் கேள்வியில் அடைத்த எலக்ட்ரான்கள் மெதுவாகக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாக. ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி இது: எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, 30 டிகிரியில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் நம் ஊர்க் கோடையில் மாடி அறைப் பீரோ எத்தனை டிகிரி என்று யோசியுங்கள். கிடப்பில் போட ஹார்ட் டிஸ்க் மேல். அதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாட்டி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

12. டேப் என்பதெல்லாம் இன்னும் இருக்கிறதா? பாடத்தில் மட்டும்தானே?

பாடத்தில் பழங்கதைபோல எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பெரிய நிறுவனங்களின் காப்பு நகல்கள் இன்றும் காந்த நாடாவில்தான் கணிசமாக இருக்கின்றன. எல்டிஓ என்ற தரத்தின் ஒன்பதாம் தலைமுறை 2021இல் வந்தது. கைக்கு அடக்கமான ஒரு கேட்ரிட்ஜ், சுருக்காமல் 18 டிபி கொள்ளும். கேட்ரிட்ஜ் மலிவு, டிரைவ்தான் மிக விலை. அதனால் வீடுகளுக்கு வரவில்லை. டிரைவிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் மின்செலவும் இல்லை, வைரஸும் எட்டாது.

2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயிலில் ஒரு சிறு பகுதிப் பயனர்களின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் வைத்திருந்த நகல்களையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்து.

13. இவ்வளவு தொல்லை எதற்கு? கிளவுடில் போட்டுவிட்டால் முடிந்தது அல்லவா?

கிளவுட் என்பது வேறு யாருடைய கட்டடத்திலோ ஓடும் ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும்தான். நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்கள், சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது.

அன்றாடம் நான் பார்ப்பது இதைவிடச் சாதாரணமானது. ஃபோனோடு ஒத்திசையும் கிளவுடைக் காப்பு நகல் என்று நினைக்கிறார்கள். ஃபோனில் இடமில்லை என்று படத்தை அழித்தால் கிளவுடிலும் அது அழியும்; குப்பைத் தொட்டியில் சில வாரம் இருக்கும், பிறகு அதுவும் இல்லை. கடவுச்சொல் மறந்து, பழைய ஃபோன் எண்ணும் கைமாறிவிட்டால் கணக்கே போய்விடும்.

14. சரி, குழந்தையின் படங்களை எங்கேதான் வைப்பது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில்.

செய்முறையாக: லேப்டாப்பில் ஒன்று, வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கிளவுடுக்குக் காசு கட்ட விருப்பமில்லையென்றால் இன்னொரு ஹார்ட் டிஸ்கை ஊரில் அம்மா வீட்டில் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பியுங்கள். இரண்டு டிஸ்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தயாரிப்புக் குறை இரண்டிலும் இருக்கலாம். விலை எட்டும் ஒரு டிஸ்க் போதும் என்று பேரம் பேசுபவர்களுக்கு என் பதில்: எந்தக் கருவி என்பது இரண்டாம் பட்சம், எத்தனை பிரதி என்பதுதான் முதல்.

15. அழித்த கோப்பை மீட்கலாம் என்கிறார்கள். அப்படியானால் பழைய லேப்டாப்பை விற்பது ஆபத்தா?

இரண்டும் ஒரே கேள்விதான். நீங்கள் கோப்பை அழிக்கும்போது கணினி பதிவேட்டில் பெயரை அடிக்கிறது. வீடு, அதாவது கோப்பின் உள்ளடக்கம், அப்படியே நிற்கிறது. ஹார்ட் டிஸ்கில் அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை மீட்டுவிடலாம். ஆகவே தவறிப்போய் அழித்துவிட்டால் அந்த டிஸ்கில் மேற்கொண்டு எதையும் எழுதக் கூடாது. மீட்பு மென்பொருளையும் வேறு டிஸ்கில்தான் நிறுவ வேண்டும். எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று கணினி டிரிம் கட்டளை மூலம் சொல்லிவிடும். கன்ட்ரோலர் தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடும். பெரும்பாலும் மீட்க முடியாது.

விற்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க் என்றால் 'குவிக் ஃபார்மேட்' போதாது. முழுவதையும் ஒரு முறை மேலெழுத வேண்டும். விண்டோஸில் கணினியை மீட்டமைக்கும்போது டிரைவைத் துடைக்கும் தேர்வு இருக்கிறது. எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் பாதுகாப்பாக அழிக்கும் கட்டளை உண்டு. எல்லாவற்றிலும் சுலபம், வாங்கிய முதல் நாளே டிரைவை மறையாக்கம் செய்துவிடுவது, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது. பிறகு திறவுகோலை அழித்தாலே உள்ளே இருப்பது வெறும் குப்பை. இன்றைய ஃபோன்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

16. வெள்ளத்தில் மூழ்கிய ஹார்ட் டிஸ்க். அரிசிக்குள் போட்டு வைக்கலாமா?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பரவிய யோசனை. வேண்டாம். பெரும்பாலான டிஸ்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கிறது, அதன் வழியே சேற்றுநீர் போயிருக்கும். காய்ந்தால் உப்பும் மண்ணும் தகட்டில் படியும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் முனை அதன்மேல் உழும். ஒரு முறைகூட இயக்கிப் பார்க்காமல், காய வைக்காமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, தூசில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு ஆயிரங்களில் இருக்கும், உறுதியும் கிடையாது. உள்ளே இருப்பது அதற்குப் பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

17. இனி எல்லாம் எஸ்எஸ்டிதானே? ஹார்ட் டிஸ்க் ஒழிந்துவிடுமா?

லேப்டாப்பிலிருந்து ஏறக்குறைய ஒழிந்தாயிற்று. தரவு மையங்களில் இல்லை. ஒரு டிபிக்கு ஆகும் விலையில் ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் மலிவு. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியதே, அந்த அளவுக்கு அதை நம்பியிருந்தோம். 2013இல் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்த டிஸ்குகள் வந்தன. 2024இல் சீகேட் 30 டிபி டிஸ்குகளைக் கொண்டுவந்தது. அவற்றில் எழுதும் கணத்தில் ஒரு நுண் லேசர், தகட்டின் புள்ளியை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நானோவினாடியில் ஆறவிடுகிறது. நேண்ட் சில்லும் சும்மா இல்லை. அகலத்தில் இடமில்லாமல் அடுக்குமாடியாக உயர்ந்து 200 அடுக்குகளைத் தாண்டிவிட்டது.

நல்ல தொழில்நுட்பம் வென்றே தீரும் என்றும் நினைக்க வேண்டாம். ராமுக்கும் ஃபிளாஷுக்கும் இடைப்பட்ட வேகத்தில் இன்டெலும் மைக்ரானும் 2015இல் அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட், ஆப்டேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பொறியியலாகப் பார்த்தால் அருமையானது. விலை இறங்கவில்லை, வாங்குவோர் பெருகவில்லை. 2022இல் இன்டெல் கைவிட்டது. டிஎன்ஏ மூலக்கூறில் சேமிப்பது பற்றி முதலாண்டு மாணவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் 2016இல் 200 எம்பி எழுதிக் காட்டின. எழுதும் வேகமும் செலவும் வீட்டுப் பயன்பாட்டுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன.

18. ஓலைச்சுவடி முன்னூறு ஆண்டு நிற்கிறது. உங்கள் கருவி எதுவும் முப்பது ஆண்டு நிற்பதில்லை. இதுதான் வளர்ச்சியா?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சங்கப் புலவர்கள் காலத்து ஏடு ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. இருப்பவை பெயர்த்தெழுதி, அதிலிருந்து பெயர்த்தெழுதி வந்த படிகள். பெயர்த்தெழுத ஆள் இல்லாதபோது செல்லரித்துப் போனவை எத்தனையோ. அந்த வகையில் ஹார்ட் டிஸ்குக்கும் ஏட்டுக்கும் விதி ஒன்றே.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஏட்டைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நம் கருவிகளுக்கு இன்னொரு கருவி வேண்டும். அது முதலில் செத்துவிடுகிறது. 1086இல் இங்கிலாந்தில் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி ஒரு புதிய பதிவேட்டை லேசர் டிஸ்கில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, மீட்புத் திட்டம் தேவைப்பட்டது. 900 ஆண்டுப் பழையதை இன்றும் புரட்டிப் படிக்கிறார்கள்.

1966, 67இல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய நிலாப் படங்களின் டேப்கள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரங்கள்தான் உலகிலிருந்தே மறைந்துகொண்டிருந்தன. நான்சி எவான்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் சிலவற்றைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் காத்துவைத்திருந்தார். கலிபோர்னியாவில் நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்துக்குள் அவற்றை ஒட்டுப்போட்டு இயக்கி, 2008இல் முதல் படத்தை மீட்டார்கள். அறுபதுகளில் வெளியான பிரதியைவிட அது தெளிவாக இருந்தது.

19. அப்பா 1990களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் பரணில் ஃபிளாப்பிகளாகக் கிடைத்திருக்கின்றன. எடுக்க முடியுமா?

3.5 அங்குலம் என்றால் வாய்ப்பு இருக்கிறது. யூஎஸ்பியில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ்களைச் சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ தேடிப் பாருங்கள். போடுவதற்கு முன் உலோகக் கதவை நகர்த்தி உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்த ஃபிளாப்பி டிரைவின் முனையையும் கெடுத்து அடுத்த ஃபிளாப்பிக்கும் பரப்பும். எழுதாமல் காக்கும் சிறு தாழ்ப்பாளைத் திறந்த நிலையில் வையுங்கள். கோப்பு கோப்பாக எடுக்காமல், முதலில் முழு ஃபிளாப்பியையும் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். 5.25 அங்குலம் என்றால் யூஎஸ்பியில் சுலபமாக மாட்டும் டிரைவ் கிடையாது. பழைய கணினி சேகரிப்பவர்களைத்தான் நாட வேண்டும்.

கோப்பு கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. திறந்தால் தமிழ் தெரியாது; ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். உலக மொழிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும், அன்றைய தமிழ்க் கணினிகள் அதைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) வைத்திருந்தது: பாமினி, டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப், இவை போக நிறுவனங்களின் சொந்த வகைகள். தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது 2010இல்தான். ஆகவே கோப்பைத் திறந்ததும் எந்த எழுத்துருவைக் கேட்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் மாற்றிச் சேமிக்க வேண்டாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழாகிவிடும். எழுத்துருப் பெயர் தெரியவில்லையென்றால் ஒரு பத்தியை ஒவ்வொரு குறியாக்கத்திலும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் தமிழ் தெரிந்துவிடும்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த கோப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி கூடும். அதன் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. பழைய விண்டோஸ் ஒன்றை மெய்நிகர் கணினியாக (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியாக) நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரைத் திறந்து, உரையை மட்டும் வெளியே எடுத்து, பிறகு மேலே சொன்ன மாற்றிக்குக் கொடுக்க வேண்டும். ஊரில் பழைய அச்சகம் ஏதாவது இன்னும் இயங்கினால் அங்கே முதலில் கேளுங்கள். இந்தப் பதிப்பும் அந்த எழுத்துருவும் அவர்கள் கணினி ஒன்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.